மண்டபத்தில் நாங்கள் தட்டிய அண்டா

செழியா,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று கூரியரில் வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். பத்திரிகை அழகாக இருக்கிறது. உன் தாத்தா பெயரையும் மறக்காமல் போட்டிருக்கிறாய். பிறகு உள்ளே தனியாக மடித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்தேன். வரவேற்பு அன்று மாலை உன் குழுவின் கச்சேரி, குழாயும் அண்டாவும் எலிக்கிட்டியும் வைத்துப் பழைய பாட்டுகள் என்று போட்டு, கீழே ‘சிறப்புப் பங்கேற்பு: அம்மாவும் எங்கள் ஊர்ப் பெண்களும்’ என்று அச்சடித்திருக்கிறாய். எங்களில் ஒருத்தரையும் நீ கேட்கவில்லை. இந்த முறையும் கேட்கவில்லை.

நீ போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்காமல் அப்பாவிடம் கொடுத்தேன். போனில் நீ பேசினால் நான் இளகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். ‘அம்மா’ என்று நீ ஆரம்பிக்கும்போதே பாதிக் கோபம் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள், மகளிர் குழுவில் தீர்மானம் எழுதி எழுதிப் பழகிய கை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை படி.

நீ இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த வருஷத்திலிருந்து சொல்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் தம்பி என்ன பண்ணுகிறார் என்று கேட்பார்கள் என்று நீ கொல்லைப்பக்கமே கிடப்பாய். போர்வெல் போட வந்தவர்கள் விட்டுப்போன பிவிசி குழாய்த் துண்டுகள் அங்கே குவிந்து கிடந்தன. ஒருநாள் அவற்றைச் சின்னதும் பெரியதுமாக அறுத்து, வரிசையாகக் கட்டி, அவற்றின் வாயில் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தாய். அப்பா வயலுக்குக் கிளம்ப நின்றுகொண்டு ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு மாதிரி பேசியது. நான் பாத்திரம் விளக்கியபடியே, “மூணாவது குழாய் அழுந்திப் பேசுதுடா” என்றேன். நீ அதில் ஒரு விரல் அளவு அறுத்தாய். மறுபடி அடித்தாய். பழைய சினிமாப் பாட்டு ஒன்று, நடவு நடும்போது ரேடியோவில் கேட்டுக் கேட்டு நாங்களெல்லாம் மனப்பாடம் செய்தது, அந்தக் குழாய்களிலிருந்து அப்படியே வந்தது. கையில் சாம்பலோடு நின்று கேட்டேன்.

அதற்கப்புறம் வீட்டில் எதுவும் அதன் வேலையை மட்டும் செய்யவில்லை. அப்பா வரப்பில் எலி பிடிக்க வைக்கும் மூங்கில் கிட்டியின் கயிற்றை முறுக்கி மீட்டினாய். அது தம்புரா மாதிரி கார்வை கொடுத்தது. மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் வெறும் தண்ணீரை ஊற்றி ‘உஸ் உஸ்’ என்று தாளம் வைத்தாய். பாட்டுக்கு அசல் வாத்தியம் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, கேட்கிறவர்களுக்குப் பாட்டு வந்து சேர்ந்தால் போதும் என்று நீ சொன்னபோது அப்பா சிரித்தார். எலி பிடிக்கிறவனுக்குக் கிட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அவனுக்கும் போதும் என்றார். நீ போட்ட முதல் வீடியோவில், ‘சுருதி சரியா இருக்கான்னு சொல்றது எங்க அம்மாவோட காது’ என்று எழுதியிருந்தாய். அதை நான் எத்தனை பேரிடம் காட்டினேன் என்று உனக்குத் தெரியாது. பால் ஊற்ற வந்தவரிடம்கூடக் காட்டினேன்.

பிறகு நம் வயலில் கல் நட்டார்கள். எரிவாயுக் குழாய் போகிற வழி என்று சொன்னார்கள். உனக்கு இந்த நிலம் எப்படி வந்தது என்று கதையாகத்தான் தெரியும். உன் தாத்தா கூலிக்கு நட்டு, கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதற்காக அடிபட்டு, கொடி பிடித்து நின்ற அதே வயல் இது. ஆட்சி மாறி, சட்டம் வந்து, அதையே குத்தகைக்கு உழுது, குத்தகைக்காரர் என்று அவர் பெயர் பதிவாகி, அப்புறம் தாலுகா ஆபீஸில் எத்தனையோ ஜமாபந்திக்கு நடந்து பட்டா வாங்கினார். நமக்குப் பக்கத்து வயல் வேம்பு அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் செத்த பிறகு மகளை வைத்துக்கொண்டு தனியாகச் சாகுபடி செய்கிறவர். சம்பா கதிர் வாங்கிப் பால் பிடிக்கிற நேரத்தில் பொக்லைன் வரப்பை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. அறுவடை வரைக்கும் பொறுங்கள் என்று கேட்டோம். கேட்கவில்லை. பெண்கள் எல்லாரும் போய் அதன் முன்னால் சேற்றில் உட்கார்ந்தோம். நீ கரையில் நின்றுகொண்டிருந்தாய்.

எங்களை வேனில் ஏற்றி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். முதல்நாள் யாருக்கோ கல்யாணம் நடந்திருக்கிறது. மேடையில் தெர்மாகோலில் வெட்டிய மணமக்கள் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது. சேற்றுப் புடவையோடு ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். வாசலில் பெண் போலீஸ். வேம்பு அக்கா வாழ்க்கையில் அன்றைக்குத்தான் போலீஸ் வண்டியில் ஏறினார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற மகள் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று சொல்லிச் சொல்லி, சத்தமே வராமல் அழுதுகொண்டிருந்தார். மத்தியானம் நீயும் அப்பாவும் எலுமிச்சைச் சாதப் பொட்டலமும் தண்ணீர் கேனும் கொண்டுவந்தீர்கள். நீ சமையல்கட்டுக்குள் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பெரிய அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து வேம்பு அக்கா முன்னால் வைத்தாய். விரலால் மெதுவாகத் தட்டினாய். கொஞ்ச நேரம் உன் விரலையே பார்த்துக்கொண்டிருந்த அவர், உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் நிறுத்தவே இல்லை.

ஜல்லிக்கரண்டி, தாம்பாளம், குடம் என்று ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். நான் அந்தப் பழைய பாட்டைப் பாடினேன். படத்தில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் புல்லாங்குழல் வரும். அது இல்லாததால் அந்த இடத்தில் நான் முனகினேன். அந்த முனகல் படத்தில் இருப்பது மாதிரி வரவில்லை. பயத்தில் என் வாய்க்கு வந்தது வந்தது. கடைசியில் எல்லாரும் எழுந்து நின்றோம். வாசலில் நின்ற பெண் போலீஸ்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நடுவில் நீ போனை எடுத்து, “அம்மா, பதிவு பண்ணிக்கவா? நாலு பேரு பாக்கட்டும்” என்று கேட்டாய். நான் தலையாட்டினேன். அது பரவியது. அடுத்த நாள் பொழுது விடிந்தபோது எத்தனையோ ஊரிலிருந்து ஆட்கள் நம் வயல்கரையில் நின்றார்கள். பொக்லைன் திரும்பிப் போனது. அந்த வருஷம் நாம் நெல் அறுத்தோம் என்றால் அதற்கு நீதான் காரணம். அதை நான் மறுக்கவில்லை. ஊரும் மறுக்கவில்லை. வேம்பு அக்கா புது நெல்லில் முதல் படியை உனக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

நீ சென்னைக்குப் போனாய். ஸ்டூடியோ, குழு, வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்து வாசிப்பது என்று நீ சொன்னதெல்லாம் எங்களுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாததிலும் சந்தோஷம்தான். மறு வருஷம் மாசியில், அறுவடை முடிந்து வயல் காய்ந்திருந்த நேரம், பேச்சுவார்த்தை என்று எங்களைக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு பக்கம், கம்பெனி ஆட்கள் ஒரு பக்கம், எதிரே நாங்கள். டீ கொடுத்தார்கள். பேசுவதற்கு முன்னால் ஒரு சின்னப் படம் பாருங்கள் என்று சொல்லித் திரையில் போட்டார்கள். பச்சை வயல், வரப்பில் ஓடுகிற குழந்தைகள், அடுப்பில் நீலமாக எரிகிற தீ, சிரிக்கிற பெண்கள். அந்தப் பெண்கள் யாரோ. புடவையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. ஆனால் சத்தம் வந்தது பார், அண்டாச் சத்தம், அதோடு சேர்ந்து ஒரு முனகல். எனக்கு உடனே பிடிபடவில்லை. தன் குரல் தனக்கே வெளியிலிருந்து கேட்டால் யாருடையதோ மாதிரித்தான் இருக்கும். வேம்பு அக்காதான் என் முழங்கையைப் பிடித்தார்.

“இது நம்ம சத்தம்ல” என்றார்.

முனகல் முடிகிற இடத்தில் ஒரு ஆண் குரல், நல்ல கனமான குரல், ‘உங்கள் மண்ணின் மகிழ்ச்சி, எங்கள் பெருமை’ என்று சொன்னது. விளக்கைப் போட்டார்கள். கம்பெனி ஆள் சிரித்துக்கொண்டே, இதற்கு இசை போட்டது உங்கள் ஊர்ப் பையன்தான், அவரே எங்களோடு இருக்கிறார், படித்தவர், அவருக்குப் புரிகிறது என்றார். பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, “எம் மவன் செஞ்சிருக்க மாட்டான். திருடி எடுத்திருப்பீங்க” என்றேன். அத்தனை பேருக்கு முன்னால், சத்தமாகச் சொன்னேன். அந்த ஆள் பாவம் என்று பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார். செழியா, அந்தப் பார்வையைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று உனக்குப் போன் செய்தேன். நீ பேசியது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. ஏஜென்சி மூலமாக வந்த வேலை, யாருக்குப் போகிறது என்று முதலில் தெரியாது என்றாய்.

“அப்புறம் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதும்மா.”

“தெரிஞ்சப்புறமும் குடுத்தியா?”

அதற்கு நீ சொன்னாய்: “அது வெறும் சத்தம்தானம்மா. அதுல ஒரு வார்த்தைகூட இல்லையே. நீங்க எதிர்க்கிறீங்கன்னும் இல்ல, ஆதரிக்கிறீங்கன்னும் இல்ல.” அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து இன்னொன்றும் சொன்னாய். சினிமாப் பாட்டுக்கு உரிமைக்காரர்களிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும் என்பதால் பாட்டு வருகிற இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு, நடுவில் வருகிற முனகலையும் அண்டாவையும் மட்டும்தான் எடுத்துக்கொண்டாயாம். யாருக்கும் சொந்தமில்லாத இடம் அதுதானாம். நான் போனை வைத்துவிட்டேன். எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார் என்று தேடி, அவர்களுக்குக் குற்றம் வராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த உனக்கு, அந்த மண்டபத்தில் சேற்றுப் புடவையோடு நின்ற எங்களுக்குச் சொந்தமானது ஒன்று அதில் இருக்கிறது என்று தோன்றவில்லை.

நான் உள்ளே திரும்பிப் போனேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். அதற்கப்புறம் அந்தக் கூட்டத்தில் நாங்கள் சரியாகப் பேசவும் இல்லை. எதைச் சொன்னாலும், உங்கள் பிள்ளையைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். வீட்டுக்கு வருகிற வழியில் வேம்பு அக்கா மட்டும் கேட்டார்: “நான் அன்னைக்கு அழுதுகிட்டேதான தங்கச்சி தட்டினேன். அவன் பக்கத்துலதான இருந்தான். பாத்தான்ல?” நான் என்ன சொல்ல? பார்த்தான் அக்கா, அவன்தான் உங்கள் முன்னால் அண்டாவைக் கொண்டுவந்து வைத்தான் என்று சொல்வதா?

சித்திரையில் போலீஸ் காவலோடு குழாயைப் புதைத்தார்கள். உன்னால் மட்டும் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன்; நீ கொடுக்காவிட்டாலும் புதைத்திருப்பார்கள். ஆனால் நாங்கள் எதிர்த்துக்கொண்டிருக்கும்போது புதைத்திருப்பார்கள். இப்போது நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது புதைத்த மாதிரி ஆகிவிட்டது. தோண்டியதில் அடிமண் மேலே வந்து, அந்த நீளத்துக்கு இன்றைக்கும் பயிர் வெளுத்துத்தான் நிற்கிறது. ஐப்பசி மழையில் மேடு தட்டிய மண் தண்ணீரை மறித்து, வேம்பு அக்கா நடவு முழுக்க முழுகியது. அப்பா கொல்லைக்குப் போய், நீ கட்டித் தொங்கவிட்டிருந்த குழாய்களை அவிழ்த்து, நீளமானதாகப் பார்த்து எடுத்து, வரப்புக்கு அடியில் குழி பறித்து வைத்து அந்த வயலின் தண்ணீரை வடித்தார். நீ பேனாவால் ஸ என்றும் ரி என்றும் எழுதியிருந்ததெல்லாம் சேற்றுக்குள் போனது. உன்னிடம் கேட்காமல் எடுத்தோம். நீ கேட்டால் என்ன சொல்வது என்று அப்பாவிடம் கேட்டேன். அவனுக்கு ஊரில் வேறு குழாய் கிடைக்கும் என்றார். உன்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே கடுமையான வார்த்தை அதுதான்.

இந்தப் பொங்கலுக்கு நீ வந்தாய். முகம் வாடியிருந்தது. சாப்பிடும்போது, செய்தது தப்புதான், வேம்பு அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றாய். இன்னும் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினேன். அப்போது நீ, அதே அண்டாவைக் கொண்டுவந்து, அவரையே தட்டச் சொல்லி, மன்னிப்புக் கேட்பதையும் சேர்த்துப் படம் பிடித்துப் போட்டால் கம்பெனி செய்ததும் வெளியே தெரியும் என்றாய். நல்லதுக்குத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரிகிறது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நான் வேண்டாம் என்றதும் உனக்கு ஏன் என்று புரியவில்லை. அன்றைக்கு இரண்டாவது முறையாக உன்னை இழந்தேன். முதல் முறையைவிட அதுதான் வலித்தது.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். அம்மா என்ற முறையில் ஒன்றுதான் சொல்லத் தோன்றுகிறது. நான் அன்றைக்குத் தலையாட்டியது நாலு பேர் பார்க்கட்டும் என்று நீ சொன்னதற்கு. அந்த நாள், அந்த இடம், அந்தக் காரணம், அதோடு முடிந்தது என் சம்மதம். நாளைக்கு அந்தப் பெண்ணும் உனக்கு ஒன்றுக்குச் சரி என்று சொல்வாள். நீ அதை மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளாதே. நம்மை நம்பியவர்கள்தான் கேள்வி கேட்காமல் தலையாட்டுவார்கள். அவர்களிடம்தான் நாம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். நீ எந்தப் பொருளில் வேண்டுமானாலும் எந்தப் பாட்டையும் வாசி. இரும்பில், தகரத்தில், மண்ணில் வாசி. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை, பெருமைதான். அந்த அண்டாவின் பின்னால் ஒருத்தி இருந்தாள். அவளைப் பொருளோடு பொருளாகச் சேர்த்துவிட்டாய். வருத்தம் அதில்தான்.

பத்திரிகையை இன்று காலையில் வேம்பு அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து முறையாகத்தான் கொடுத்தேன். அந்தச் சீட்டையும் மறைக்காமல் காட்டினேன். அவர் மகள் படித்துச் சொன்னாள். அக்கா கொஞ்ச நேரம் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், மகளுக்கு அன்றைக்குப் பரீட்சை என்றார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சீட்டை எடுத்துவிட்டு மற்றவர்களுக்குப் பத்திரிகை அனுப்பு. மண்டபத்தில் எடுத்த அந்தப் பதிவை வரவேற்பில் போடாதே, எங்கும் போடாதே.

நானும் அப்பாவும் முதல்நாளே நீடாமங்கலத்தில் ரயில் ஏறி வந்துவிடுவோம். ஒரு சடங்குக்கும் குறை வைக்கமாட்டேன். பெண் வீட்டாரிடம் முகம் கோணமாட்டேன். உன்னைக் கட்டிப் பிடித்துக்கொள்ளவும் செய்வேன், அது என் கையில் இல்லை. ஆனால் என்னைப் பாடச் சொல்லாதே. வீம்புக்குச் சொல்லவில்லை. போன வாரம் குறுவையில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். மப்பும் மந்தாரமுமாக நல்ல பொழுது. என்னையறியாமல் அந்தப் பழைய பாட்டு வாயில் வந்தது. முதல் வரியைப் பாடினேன். அடுத்த வரிக்கு முன்னால் எப்போதும்போல முனகினேன். முனகி முடிக்கிற இடத்தில் அந்த ஆளின் குரல் காதுக்குள் வந்து, உங்கள் மண்ணின் மகிழ்ச்சி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது வரி வரவில்லை. எத்தனையோ வருஷம் பாடிய பாட்டு. நின்று யோசித்தும் வரவில்லை. பக்கத்து வயலில் வேம்பு அக்கா நிமிர்ந்து, நான் மேலே பாடுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து களையைப் பிடுங்கினேன்.

அம்மா